காந்தம் விற்பவர் கவனத்திற்கு

காந்தம் என்ற சொல்லைக் கேட்டாலே நமது தொழிலில் உள்ளவர்களுக்கு ஒரு கூச்சம் வரும். தட்டுத் தராசு இருந்த காலத்தில் தட்டின் அடியில் காந்தத்தை ஒட்டி எடையில் விளையாடிய ஒரு சிலரால், நேர்மையாகக் கடை நடத்திய எல்லோருக்கும் கெட்ட பெயர் வந்தது. அதனாலேயே இத்தனை ஆண்டுகள் காந்தலில் மொத்த வியாபாரம் செய்தும் காந்தத்தை ஒரு சரக்காக நாம் எண்ணியதில்லை. தேயிலைத் தூளில் இரும்புத் துகள் இருக்கிறதா என்று பார்க்கக் கல்லாவில் ஒன்று கிடந்தது, அவ்வளவுதான். சி.டி.சி. ரோலரின் பல் தேய்ந்து தூளில் இரும்பு சேருவதும், அதைப் பிடித்தெடுக்கத் தொழிற்சாலைகளில் காந்தம் வைத்திருப்பதும் மலை வியாபாரிகளுக்குத் தெரிந்த செய்தி. தேயிலை விற்கும் ஒவ்வொரு கடையிலும் அப்படி ஒன்று இருப்பது நல்லது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறோம்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் நமக்கு நன்கு பழக்கமான தச்சர் ஒருவர் கடைக்கு வந்து, “முதலாளி, பலமான காந்தம் கிடைக்குமா? ஒட்டு வேலைக்கு வேணும்” என்றார். பசையும் ஆணியும் கேட்க வேண்டியவர் காந்தம் கேட்கிறாரே என்று அன்று மாலையே அவரது பட்டறைக்குப் போனோம். தேவாலயப் பாடகர் குழுவில் வாசிக்கும் பையனின் கிட்டார் மேசைமேல் இருந்தது. ஆடி மழையில் ஊறுவதும் மார்கழிப் பனியில் காய்வதுமாக நம் ஊர்க் குளிரில் மரம் படாத பாடு படுகிறது. கிட்டாரின் மேல்பலகைக்கு உள்ளே ஒட்டியிருக்கும் குறுக்குச் சட்டங்களில் ஒன்று பாதி விட்டுப்போய், தந்தியை மீட்டினால் கடகடவென்று அதிர்ந்தது.

வெளியே என்றால் கிளாம்ப் போட்டு இறுக்கிவிடலாம். கிட்டாருக்கோ நடுவில் நான்கு அங்குல வட்ட ஓட்டை ஒன்றுதான் வழி. அதற்குள் கையை விட்டால் சட்டத்தின் முனை வரை விரல் போகும், கிளாம்ப் போகாது. நீளக் கழுத்துள்ள கிளாம்ப்கள் இருக்கின்றனவாம். விலையும் அதிகம், எல்லா மூலைக்கும் எட்டுவதும் இல்லை. தச்சர் என்ன செய்தார் என்றால், விட்டுப்போன இடத்தில் பசை செலுத்தி, உள்ளே சட்டத்தின்மேல் மெழுகுத்தாளை வைத்து ஒரு காந்தத்தைப் பிடித்துக்கொண்டார். வெளியே அதற்கு நேராக மெல்லிய மரச் சில்லு ஒன்றை வைத்து, அதன்மேல் இன்னொரு காந்தத்தைக் கொண்டுவந்தார். ‘டக்’ என்று இரண்டும் பலகையைக் கவ்விக்கொண்டன. மரச் சில்லு எதற்கு என்று கேட்டோம். இல்லாவிட்டால் காந்தம் வந்து விழும் வேகத்தில் பலகையில் பள்ளம் விழுந்துவிடுமாம். மெழுகுத்தாள், பிதுங்கும் பசையில் காந்தமே ஒட்டிக்கொள்ளாமல் இருக்க. இப்படி ஐந்து ஜோடி வைத்து, குளிரில் பசை மெதுவாகத்தான் இறுகும் என்பதால் இரண்டு இரவு அசைக்காமல் விட்டார். எடுக்கும்போது இழுத்துப் பிடுங்காமல் பக்கவாட்டில் நகர்த்தி எடுத்தார். அடுத்த ஞாயிறு அந்தக் கிட்டார் பூசையில் வாசிக்கப்பட்டது.

அந்தக் காந்தங்கள் அவருக்கு எங்கே கிடைத்தன தெரியுமா? பழைய இரும்புக் கடையில், பழுதான கம்ப்யூட்டர் ஹார்டு டிஸ்குகளைப் பிரித்து எடுத்தவை! நாம் சிறுவயதில் ரேடியோ ஸ்பீக்கரை உடைத்து எடுத்த கறுப்பு வளையத்தோடு இதை ஒப்பிடவே முடியாது. நியோடிமியம், இரும்பு, போரான் மூன்றும் சேர்ந்த இந்தக் காந்தத்தை 1980களின் தொடக்கத்தில் ஜப்பானில் சுமிட்டோமோ நிறுவனத்தில் சகாவாவும், அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸில் குரோட்டும் தனித்தனியே கண்டுபிடித்தார்கள். அதில் சேரும் நியோடிமியம் மோனசைட் மணலில் இருக்கிறது. அந்த மணல் நமது கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரையிலேயே கிடைக்கிறது. ஆனால் கடைக்கு வரும் காந்தம் பெரும்பாலும் சீனச் சரக்குதான். இதைப் பற்றி எழுதத் தொடங்கினால் இந்த இதழ் போதாது.

அன்று முதல் நாமும் வில்லைக் காந்தங்களை வாங்கி விற்கிறோம். மரத்தில் மெல்லிய தகடு ஒட்டுபவர், வயலின் பழுது பார்ப்பவர், பீரோ கதவுக்குப் பிடி வைப்பவர் எனப் பலர் கேட்டு வருகிறார்கள். எல்லா வேலைக்கும் இது உதவும் என்று சொல்லி விற்றால் அது பொய். கிட்டாரின் மேல்பலகை ஏறக்குறைய மூன்று மில்லிமீட்டர் கனம்தான், அதனால் பிடிக்கிறது. இரண்டு காந்தங்களுக்கும் இடையே கனம் கூடக் கூட இழுவிசை மளமளவென்று குறைந்துவிடும். முக்கால் அங்குலப் பலகைக்கு வழக்கமான கிளாம்ப்தான் சரி, அதை வாங்க ஹார்டுவேர் கடைக்கு அனுப்பிவிட வேண்டும்.

இனி இதை எழுதத் தூண்டிய விஷயத்துக்கு வருகிறோம். வில்லைக் காந்தம் நன்றாகப் போவதைப் பார்த்து, சரக்கு அனுப்பிய மொத்தக் கடைக்காரர் விளையாட்டுப் பொருள் என்று சொல்லி, மிளகு அளவுக் காந்த உருண்டைகள் அடங்கிய பாக்கெட்டுகளையும் அட்டையோடு அனுப்பிவைத்தார். நாமும் யோசிக்காமல் சில்லறைக் கடைகளுக்குக் கொடுத்தோம். மிட்டாய்ச் சரத்துக்குப் பக்கத்திலேயே அவை தொங்கின. ஒரு பாக்கெட் நமது வீட்டுக்கும் வந்தது. மூன்று வயதுப் பேரன் அதில் ஒன்றை விழுங்கிவிட்டான்.

மருத்துவமனையில் இரண்டு பக்கமாக எக்ஸ்ரே எடுத்து, உள்ளே இருப்பது ஒன்றுதான் என்று உறுதி செய்தார்கள். மூன்றாம் நாள் அது வெளியேறியது. “ஒண்ணா இருந்ததால தப்பிச்சீங்க ஐயா” என்றார் டாக்டர். இரண்டு போயிருந்தால், குடலின் ஒரு மடிப்பில் ஒன்றும் அடுத்த மடிப்பில் ஒன்றுமாக நின்று, நடுவில் அகப்பட்ட குடலை நசுக்கி ஓட்டையே போட்டுவிடுமாம். கிட்டார் பலகையை இரண்டு காந்தம் கவ்வியதை நேரில் பார்த்த நமக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை.

மறுநாளே கடை கடையாகப் போய்ப் பாக்கெட்டுகளைத் திரும்ப வாங்கினோம். “என்ன அண்ணே, பட்டாசா வித்தோம்?” என்று சிரித்தவரும் உண்டு. நஷ்டம் நம்முடையது, அதை யார்மேலும் போட நமக்கு முகமில்லை. ஏனென்றால் அட்டையைத் திருப்பி ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்று நாமே பார்க்கவில்லை. 2020ஆம் ஆண்டின் தரக் கட்டுப்பாட்டு ஆணைப்படி 2021 ஜனவரி 1 முதல், பதினான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் விளையாடும் பொம்மைகளுக்கு அந்த முத்திரை கட்டாயம். அமெரிக்காவிலும் 2022இல் இத்தகைய உதிரிக் காந்தங்களுக்குக் கடுமையான விதி கொண்டுவந்தார்கள்: விழுங்க முடியாத அளவில் பெரிதாக இருக்க வேண்டும், அல்லது பலம் குறைந்ததாக இருக்க வேண்டும்.

இதனால் காந்த வியாபாரமே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. தச்சருக்குப் பிழைப்புத் தரும் பொருளை ஏன் விட வேண்டும்? ஆனால் ஷாம்பு பாக்கெட் போல் தொங்கவிட்டு விற்கும் பொருள் இது இல்லை. வாங்குபவரிடம் நாலு வார்த்தை பேசி விற்க வேண்டிய பொருள். நமது கடையில் இப்போது பூட்டிய டிராயரில், ஒவ்வொன்றுக்கும் இடையே மரச் சில்லு வைத்து அடுக்கியிருக்கிறோம். வாங்குபவரிடம் முதலில் கேட்பது வீட்டில் சிறு பிள்ளைகள் உண்டா என்பது. இருதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர் வீட்டில் உண்டா என்றும் கேட்டு, அவர் அருகே கொண்டுபோகக் கூடாது என்று சொல்லுகிறோம். கண்ணாடி போல் உடையும், துளை போடக் கூடாது, தூள் தீப்பிடிக்கும், 80 டிகிரிக்கு மேல் சூடானால் பலம் போய்விடும் என்பதையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுக்கிறோம். எடை மெஷின் பக்கத்தில் இதை வைப்பதே இல்லை. இரும்பு மேசைமேல் மெஷினை வைத்துக் காந்தத்தை நிறுத்தால் எடை கூடுதலாகக் காட்டும். அதோடு, பார்க்கும் வாடிக்கையாளர் பழைய தட்டுத் தராசுக் கதையை நினைத்துக்கொள்வார்.

உருண்டைக் காந்தப் பாக்கெட்டுகள் கடைவீதியில் இன்னும் சில கடைகளில் தொங்குவதைப் பார்க்கிறோம். நாம் ஒருவர் நிறுத்தியதால் அடுத்த லாரியில் சரக்கு வராமல் இருக்கப்போவதில்லை. சங்கத்தின் அடுத்த மாதக் கூட்டத்தில் இதை எடுத்துப் பேசி, முத்திரை இல்லாத அந்தப் பாக்கெட்டுகளை எந்த உறுப்பினரும் வாங்குவதில்லை என்று தீர்மானம் போட வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறோம். கையில் இருப்பை வைத்திருக்கும் சில்லறைக் கடைக்காரர்கள், நாம் கொடுத்த சரக்காக இருந்தால், பில் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, கொண்டுவந்து கொடுத்துப் பணத்தைப் பெற்றுக்கொள்ளலாம்.