வட்டுகளைச் சேர்த்துப் பழகுவோம்

2011 முதல் தமிழக அரசு மாணவர்களுக்கு வழங்கிய மடிக்கணினிகளில், சென்னை சி-டாக் உருவாக்கிய ‘பாஸ்’ லினக்ஸும் இருந்தது. எருமப்பட்டியில் அதைத் திறந்து பார்த்தவர் எத்தனை பேர்?

லினக்ஸில் பல வட்டுகளை மென்பொருளாலேயே ஒன்றாக இணைக்கலாம். ‘ரெய்டு-5’ முறையில் 1 டெராபைட் வட்டுகள் 3 இருந்தால், 2 டெராபைட் தரவுக்கு. மீதி, ஒற்றை-இரட்டைக் கணக்குக்கு. இரு இரும இலக்கங்களில் (0 அல்லது 1) ஒன்று அழிந்தாலும், மொத்தம் ஒற்றைப்படை என்று தெரிந்தால் அதைக் கண்டுபிடித்துவிடலாம் அல்லவா? அதே தந்திரம்தான்.

4-ஆவது வட்டைச் சேர்த்தால் தரவு முழுவதும் இடம்மாற்றி எழுதப்படும். பல மணி நேரமாகும். பிறகே கோப்பு முறைமையைப் பெரிதாக்க வேண்டும். சுருக்கும்போது வரிசை தலைகீழ்: முதலில் கோப்பு முறைமை, பிறகு வட்டுத் தொகுதி. மாற்றிச் செய்தால் கடைசிப் பகுதியிலுள்ள தரவு போயே போய்விடும்!

ரெய்டு இருக்க நகல் எதற்கு என்பார்கள். நான் ஒப்பமாட்டேன். கைதவறி அழித்த கோப்பு எல்லா வட்டுகளிலும் அல்லவா அழிகிறது? நகல் எடுத்த பின்பே தொடங்குங்கள்.

பழகுவதற்குப் புது வட்டே வேண்டாம். 100 மெகாபைட் கோப்புகள் நான்கை வட்டுகளாக எண்ணிக்கொள்ள லினக்ஸ் இடம் தருகிறது. அவற்றில் ஒன்றை வேண்டுமென்றே நீக்கி, தரவு மீள்வதைப் பாருங்கள். பள்ளிக் கணினி அறையில் இதற்கு ஒரு பாடவேளை ஒதுக்கினால் என்ன?