கண் காணாத தெளிவு

'நான்கு கே' தொலைக்காட்சிப் பெட்டிக்கு 2160 கோடுகள் என்று விளம்பரம் முழங்குகிறது. வரிப்பத்தான்சேனை உழவர் தம் அறுவடைப் பணத்தை அதற்கு இறைத்தல் தகுமோ?

சாதாரணக் கண், ஒரு பாகையின் அறுபதிலொரு பங்கினும் நுண்ணியதைப் பிரித்தறியாது. ஆகவே, 43 அங்குலத் திரைக்கு ஆறடி தள்ளி அமர்பவர்க்கு 1080 கோடும் 2160 கோடும் ஒன்றே. ஆனால், 1982இல் ரூபவாஹினி தொடங்கிய முறையிற் படந்தாங்குவன 576 கோடுகளே. அதற்கும் 1080க்கும் உள்ள வேற்றுமை அதே தொலைவிற் கண்ணுக்குப் புலப்படும்.

எனவே, காணத்தக்க தெளிவு கடைக்காரர் கையிலன்று. ஒளிபரப்புவோர் கையிலேயே உள்ளது. தமிழ் நிகழ்ச்சிகளை அத்தெளிவோடு கிராமந்தோறும் சேர்ப்பிப்பது அரசின் கடமை. அதனைக் கேட்க வாய் திறவாது, கடன்பட்டுப் பெட்டி வாங்குவதாற் பயனென்ன?