கோபம் மீனுக்கா, தொட்டிக்கா?



சென்ற வாரம் நம் வாட்ஸ்அப் குழுவில் ஒரு வீடியோ. வரவேற்பறைத் தொட்டியில் ஒரு கடல் கிளாத்தி, கூட இருந்த சின்ன மீனின் வாலைக் கடித்துக் குதறுகிறது. கீழே ‘மாஸ்’, ‘எங்க வீட்டு ரவுடி’ என்று வரிசையாகப் பாராட்டு. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ரவுடி அந்த மீன் இல்லை. நண்டின் ஓட்டை உடைத்துத் தின்னவே அதற்கு அந்தப் பல். இரவில் பாறை இடுக்கில் புகுந்து, முதுகு முள்ளை நிமிர்த்தித் தன்னைப் பூட்டிக்கொண்டு தூங்கும். கடலில் தன் எல்லைக்குள் வரும் மீனைத் துரத்தும். அது ஓடிவிட்டால் சண்டை முடிந்தது. கண்ணாடிப் பெட்டிக்குள் எங்கே ஓடுவது?

கணக்குப் போடுங்கள். புள்ளி போட்ட கோமாளிக் கிளாத்தி 50 செ.மீ. வரை வளரும். நாலடித் தொட்டியின் அகலம் ஒன்றரை அடி என்றால் 45 செ.மீ.தான். வளர்ந்தபின் நேராகத் திரும்பக்கூட இடமில்லை! விரல் நீளக் குஞ்சைப் பார்த்து வாங்கிவிடுகிறோம். 250 லிட்டர் தண்ணீருக்கு, லிட்டருக்கு 35 கிராம் வீதம், கிட்டத்தட்ட 9 கிலோ கடல் உப்பு வேண்டும். கடலைப் பார்க்கவே ரயிலேற வேண்டிய மணவூரில் இது எதற்கு?

‘சாப்பிடுகிற மீனுக்கு இரக்கப்படவில்லையே டீச்சர்’ என்பீர்கள். குழம்பு மீனை வருடக்கணக்கில் அடைத்துவைத்து யாரும் வேடிக்கை பார்ப்பதில்லை.

சலித்துப்போனால் கடலில் விட்டுவிடலாம் என்றும் எண்ணாதீர்கள். நம் இந்தியப் பெருங்கடல், பசிபிக் பக்கத்துச் சிங்கமீன், விஷமுள் கொண்டது, 1985-ல் அமெரிக்காவின் புளோரிடா கடலில் தென்பட்டது. வீட்டுத் தொட்டிகளிலிருந்து விடப்பட்டதே காரணம் என்கிறார்கள் ஆய்வாளர்கள். இன்று கரீபியன் பவளப்பாறைகளில் உள்ளூர்க் குஞ்சு மீன்களை அது தின்று தீர்க்கிறது.

ஆசையிருந்தால் கப்பி, மோலி வளருங்கள். சென்னை கொளத்தூரில் வேண்டிய மட்டும் கிடைக்கும், பண்ணையில் பிறந்தவை. கடல் மீன்தான் வேண்டுமென்றால் கோமாளி மீன் இருக்கிறது. அதைச் செயற்கையாகக் குஞ்சு பொரிக்கவைக்கும் முறையை மண்டபத்திலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி மையம் செய்து காட்டியிருக்கிறது. ‘கடலில் பிடித்ததா, பண்ணையில் பொரித்ததா?’ என்று கேட்டு வாங்குங்கள்.

வீடியோ போட்ட தம்பிக்கு: சின்ன மீனை இன்றே தனியே எடுத்துவிடு. கிளாத்தியைப் பெரிய தொட்டி உள்ளவரிடம் ஒப்படைத்துவிடு. வருத்தப்படாதே, உன்மேல் அக்கறையில்தான் சொல்கிறேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர், மணவூர்