தானாக ஆறும் காயமா, தோழி ஆற்றும் காயமா?

பட்ட காலிலே படும் என்பார்கள் பெரியோர். மேசையைச் சுற்றி அமர்ந்து ஆடும் சில கதை விளையாட்டுகளில் இப்பழமொழி ஒரு விதியாகவே இருக்கிறது. ஆளுக்கொரு கற்பனை வீரராக மாறி, நடுவர் சொல்லும் கதைக்குள் புகுந்து, பகடை உருட்டி ஆடும் ஆட்டம் இது. 1974இல் அமெரிக்காவில் வெளிவந்த ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ இவற்றுள் மூத்தது.

வாள்வெட்டு ஒருமுறை உயிர்ப்புள்ளிகளைக் குறைப்பதோடு சரி. தீயும் நஞ்சும் அப்படியல்ல. அவை சுற்றுக்குச் சுற்று குறைத்துக்கொண்டே இருக்கும். அதை நிறுத்துவது எப்படி?

2008இல் வந்த அவ்விளையாட்டின் நான்காம் பதிப்பில், வீரர் தம் முறை தொடங்கும்போது புள்ளிகளை இழப்பார். முறை முடிவில் இருபது முகப் பகடையில் 10 அல்லது அதற்குமேல் விழுந்தால் விடுதலை. அதாவது நூற்றுக்கு 55 வாய்ப்பு. மருத்துவத் திறமை உள்ள தோழர் உதவலாம். ஆயினும், “தானே தீர்ந்துவிடும்” என்று மற்றவர் தம் வேலையைப் பார்ப்பதே எளிது.

2019இல் வந்த ‘பாத்ஃபைண்டர்’ இரண்டாம் பதிப்பில் 15 விழவேண்டும். வாய்ப்பு 30 தான். ஆனால் தோழர் ஒருவர் ஓடிவந்து தண்ணீர் ஊற்றினால், 10 விழுந்தாலே போதும் என்று நடுவர் அறிவிக்கலாம். அப்போது 30 என்பது 55 ஆகிறது! ஏரியில் மூழ்கினாலோ தீ உடனே அணைந்துவிடும். இவ்வுதவிக்குப் பெரும்பாலும் ஒரு முறைக்குரிய மூன்று செயல்களில் இரண்டைத் தரவேண்டும். பகைவனைத் தாக்குவதா, எரியும் தோழியைக் காப்பதா? ஆட்டத்தின் உயிரே அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது.

இவ்விதி புதியவர்களுக்குக் கடுமையானது என்று சிலர் சொல்லலாம். ஒவ்வொரு சுற்றிலும் இழப்பையும் பகடையால் கணக்கிடுவதால் ஆட்டம் தாமதப்படும் என்றும் கூறலாம். உண்மையே. ஆயினும் இங்கே இரக்கமும் உண்டு: ஒரே வகைத் தீ இரண்டு பற்றினாலும் பெரியது ஒன்றே கணக்கில் சேரும். பட்ட காலிலே படுவதற்கும் ஓர் எல்லை வைத்திருக்கிறார்கள்.

ஆகவே, என் வாக்கு இரண்டாவது விதிக்கே. காயம் தானாக ஆறும் ஆட்டத்தில் நாம் அதிர்ஷ்டத்தை நம்புகிறோம். தோழி ஆற்றும் ஆட்டத்தில் ஒருவரையொருவர் நம்பக் கற்கிறோம். தோழியரே, உங்கள் கருத்து என்ன?

— பத்தாம் வகுப்பு மாணவி