ஆழம் கற்பனையன்று

தட்டையான வீடியோவில் ஆழமே கிடையாது, ஆகவே அதிலிருந்து கம்ப்யூட்டர் எழுப்பும் முப்பரிமாண உருவம் வெறும் கற்பனைதான் என்று வாதிக்கும் நண்பர், ஒற்றைப் படத்துக்குரிய நியாயத்தை நகரும் காமிராவின் படத்தொடருக்கும் ஏற்றிவிடுகிறார். ரயில் ஜன்னலுக்கு வெளியே தந்திக்கம்பம் விரைந்தோட, தூரத்துக் குன்று மெல்ல ஊர்வதுபோல, காமிரா இடம்பெயருகையில் அசையாப் பொருளின் ஒவ்வொரு புள்ளியும் தன் தூரத்துக்குத் தக்கபடியே படத்தில் பெயர்கிறது. காமிராவின் உள்ளமைப்புத் தெரிந்திருக்குமாயின், இரு படங்களில் ஒத்த எட்டுப் புள்ளிகளைக் கொண்டே அதன் இடமாற்றத்தையும் அப்புள்ளிகளின் ஸ்தானத்தையும் கணிக்கலாமென்று லாங்கே-ஹிக்கின்ஸ் என்னும் விஞ்ஞானி 1981-இல் 'நேச்சர்' பத்திரிகையில் காட்டினார். படங்களிலிருந்து முப்பரிமாணக் காட்சியை எழுப்ப 2020-இல் வெளிவந்த நெர்ஃப் (NeRF) முறையிலோ, கம்ப்யூட்டரின் செயற்கை நரம்பு வலையானது தான் அமைத்த காட்சியை மீண்டும் படமாக்கி, எடுத்த படத்தோடு ஒப்பிட்டு, பிழை குறையும்வரை தன்னைத் திருத்திக்கொண்டே போகிறது. இவ்விதம் சாட்சியத்தின் முன் ஓயாமல் பரீட்சிக்கப்படுவதைக் கற்பனையென்பது எந்தத் தர்க்கம்?

ஒரே காமிராவின் படங்களால் மட்டும், கண்டது மாளிகையா அதன் சிறு மாதிரியா என்று அளவை நிர்ணயிக்க இயலாது என்பதும், காமிரா காணாத பின்புறத்தை நிரப்புகையில் ஊகம் புகுகிறது என்பதும் மெய்யே. அவ்விடங்களில் நண்பர் தாராளமாகக் கண்டிக்கட்டும். நானும் உடன் நிற்பேன்.