குட்டிகளின் தீனிக்குத் தானியம்தான் வேண்டுமா?

திருகோணமலையிலிருந்து புல்மோட்டை செல்லும் வீதியில், நிலாவெளியை அடுத்து அமைந்துள்ளது இறக்கக்கண்டி. கடலையும் களப்பையும் நம்பி வாழும் இக்கரையோரத்தின் தமிழ், முஸ்லிம் குடும்பங்கள் பலவற்றுக்கு, தொழில் கைகொடுக்காத நாட்களில் கொல்லையில் நிற்கும் நாலைந்து ஆடுகளே சேமிப்பாகும். தீபாவளிக்கும் ஹஜ்ஜுப் பெருநாளுக்கும் நல்ல விலை கிடைக்க வேண்டுமாயின், பால் மறந்த குட்டி குறித்த காலத்தில் உடல் தேறியாக வேண்டும். அதற்குரிய தீனி எது என்பதே இன்றைய கேள்வியாகும்.

2021 மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டது. அவ்வாண்டு நவம்பரில் தடை நீங்கிய போதிலும் சோள விளைச்சல் வீழ்ச்சியடைந்தது. 2022 இல் அந்நியச் செலாவணி வற்றியதால் இறக்குமதியும் தடைப்பட்டது. கோழித் தீவனத்தின் விலையேற்றத்தால் முட்டை கூட எட்டாப் பொருளானதை மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். தானியத்தை மட்டுமே நம்பிய வளர்ப்பு எத்துணை பலவீனமானது என்பதை அந்நெருக்கடி உணர்த்தியது.

ஆடு, கோழியைப் போன்றதன்று. அசைபோடும் அதன் வயிற்றில் வாழும் நுண்ணுயிர்கள் நார்ப்பொருளிலிருந்தும் சக்தியைப் பிரித்தெடுக்கின்றன. வளரும் குட்டிக்கு வேண்டியது சக்தியே அன்றித் தானியமன்று. திடீரெனத் தானியத்தை அதிகம் கொடுத்தால் வயிற்றில் அமிலம் பெருகிக் குட்டி இறக்கவும் நேரிடும்.

மாற்றுத் தீனி இம்மாவட்டத்திலேயே உண்டு. சீனக்குடாவில் இயங்கும் பிறீமா ஆலையில் கோதுமை மாவுடன் தவிடும் கிடைக்கின்றது. கிண்ணியா, தம்பலகாமம், கந்தளாய் ஆகிய நெல் விளையும் பிரதேசங்களில் அரிசித் தவிடு கிடைக்கின்றது. தேங்காய்ப் புண்ணாக்கும் உண்டு. உலர்த்திய மரவள்ளிக் கிழங்கோ, சக்தியில் சோளத்துக்கு நெருங்கியதாகும்.

ஆயினும் அறியாமல் ஊட்டுவது ஆபத்தானது. மரவள்ளியைச் சீவி வெயிலில் நன்கு உலர்த்தினாலே அதன் நச்சுத்தன்மை தணியும். அதில் புரதம் மிகக் குறைவாதலால் சீமைக்கிளுவை, இப்பில் இப்பில் போன்ற வேலி மரங்களின் இலைகளைச் சேர்த்தல் அவசியமாகும். அரிசித் தவிடு விரைவில் சிக்குவாடை பிடிக்கும். உமி கலந்ததாயின் பயன் குன்றும். தவிட்டில் பொசுபரசு மிகுதி, கல்சியம் குறைவு. அதையே தொடர்ந்து தின்னும் கிடாய்க் குட்டிகளுக்குச் சிறுநீர்க் கல் உண்டாகக் கூடும். பெருநாளுக்கெனக் கட்டி வளர்க்கப்படும் கிடாய் கடைசி நேரத்தில் கைவிட்டுப் போனால், ஏழைக் குடும்பத்தின் ஓராண்டு உழைப்பே வீணாகும். சுண்ணாம்புக்கல் மாவைச் சிறிதளவு கலப்பதால் இவ்விழப்பைப் பெருமளவு தவிர்க்கலாம்.

இவ்வறிவை வளர்ப்போரின் வாசலுக்குக் கொண்டுசெல்வது கால்நடை உற்பத்தி சுகாதாரத் திணைக்களத்தின் கடமையாகும். எத்தீனியை எவ்வளவு கலப்பது என்பதைத் தமிழில் எளிமையாக எழுதி, கால்நடை வைத்திய அலுவலகங்கள் ஊடாக வழங்க வேண்டும். தவிட்டையும் தாதுக் கலவையையும் சிறு பொதிகளாகக் கூட்டுறவுச் சங்கங்கள் விற்பனை செய்யலாம். குச்சவெளிப் பிரதேசத்தின் காணிப் பிணக்குகளுக்குத் தீர்வு காணும்போது மேய்ச்சல் தரைகளும் கவனிக்கப்படுதல் வேண்டும். மேய்ச்சல் குறையக் குறையத் தீனிச் செலவே ஏறும்.

கடன் வாங்கி இறக்கும் சோளத்தை எதிர்பார்த்திருப்பதிலும், அருகிலுள்ள தவிட்டையும் வேலியிலுள்ள இலையையும் முறையாகப் பயன்படுத்துவதே விவேகமாகும். இரு சமூகத்தவரின் வாழ்வாதாரத்தையும் காக்கும் இப்பணியில் அதிகாரிகள் தாமதமின்றி இறங்க வேண்டுமென வலியுறுத்துகின்றோம்.