பனிக்காட்டில் தப்பிய கணக்கு

வெள்ளைச் சட்டை வெயிலைத் திருப்பி அனுப்பும். கறுப்புச் சட்டை இழுத்துக்கொள்ளும். பூமிக்கும் அப்படித்தான். புதிதாக விழுந்த பனி, தன்மேல் படும் சூரிய ஒளியில் சுமார் 80 சதவிகிதத்தைத் திருப்பி அனுப்பிவிடும்.

அந்தப் பனிக்கு நடுவே காடு இருந்தால்?

கனடா, ரஷ்யாவின் வடபகுதிகளில் பைன், ஸ்ப்ரூஸ் மரங்கள் குளிர்காலத்திலும் கரும்பச்சையாக நிற்கும். பனி தரையில் கிடக்க, வெயிலை வாங்கிக்கொள்வது மரங்கள்தான்.

1990-களில் ஐரோப்பிய வானிலை மையத்தின் கணினி மாதிரி, பனி மூடிய காட்டையும் வெட்டவெளி போலவே கணக்கிட்டது. அதனால், வசந்த கால வெப்பநிலையை உண்மையைவிடக் குறைவாகக் காட்டியது. கனடா காடுகளில் நேரடியாக அளந்தபோதோ, திரும்பிய ஒளி 20 சதவிகிதத்தை ஒட்டியே இருந்தது. 1996 இறுதியில் அந்த எண்ணைத் திருத்தியதும், பிழை வெகுவாகக் குறைந்தது.

பிரிட்டன் விஞ்ஞானி ரிச்சர்ட் பெட்ஸ் 2000-ல் இன்னொன்றையும் சுட்டிக்காட்டினார். பனிப் பிரதேசத்தில் புதிதாகக் காடு வளர்த்தால், மரங்கள் கார்பனை உறிஞ்சுவதால் கிடைக்கும் பலனை, அவை வாங்கும் வெப்பமே பெருமளவு விழுங்கிவிடலாம்.

அதற்காக, இருக்கும் காட்டை வெட்டிவிடலாமா? கூடாது. மரத்திலும் மண்ணிலும் சேர்ந்திருக்கும் கார்பன் வெளியேறிவிடும். உயிரினங்களின் வீடும் அழியும். பனியே விழாத வெப்பமண்டலத்திலோ கணக்கே வேறு. அங்கே மரங்கள் கார்பனை உறிஞ்சுவதோடு, நீராவியை வெளியிட்டும் குளிர்ச்சி தருகின்றன.

எத்தனை மரம் நடுகிறோம் என்பதோடு, எங்கே நடுகிறோம் என்பதும் முக்கியம்!